நெருக்கமான ஆட்டமும் நல்ல ஆட்டமும்

அக்கா,

நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் காப்பிப் பொடி தீர்ந்து, டீயைக் குடித்துச் சில நாள் சமாளித்துப் பார்த்துவிட்டு, இனி ஆகாது என்று ஆபீஸ் முடிந்ததும் நேராக அங்கே இறங்கிவிட்டேன். நாம் வழக்கமாக வாங்கும் கடையில் கூட்டம். உள்ளே கொட்டை அரைபடுகிற வாசனை தெரு வரைக்கும் வந்தது. எனக்கு முன்னால் ஒரு பையனும் ஒரு பெண்ணும் நின்றார்கள். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. முந்தின நாள் நடந்த டென்னிஸ் இறுதிப் போட்டியைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கு மேல ஒரு மேட்ச் கிடையாது. அஞ்சு செட்டு. கடைசி செட்டும் டைபிரேக்கர். எனக்கே மூச்சு நின்னு போச்சு" என்றான் பையன்.

"மூச்சு நின்னா போதுமா? ஆட்டம் எங்க இருந்துச்சு அதுல? இவன் தப்புப் பண்ணுவான்னு அவன் காத்துக்கிட்டிருந்தான், அவன் தப்புப் பண்ணுவான்னு இவன். க்ளோஸ் மேட்ச்னா நல்ல மேட்ச்சாயிடுமா?" என்றாள் அந்தப் பெண்.

அப்படியே உங்கள் வசனம், அக்கா. சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்தாள் பாருங்கள், அதுகூட.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. "மேட்சைப் பத்திப் பேசறதுன்னா இப்படி இல்ல, தோத்தவன்கிட்டேர்ந்து ஆரம்பிங்க" என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டிக்கும் கோப்புக்கும் நடுவே வாழ்கிற முகம் என்று நினைத்திருப்பார்கள். "ஆன்ட்டி, நீங்க டென்னிஸ் பாப்பீங்களா? அப்ப நீங்களே சொல்லுங்க, நேத்து மேட்ச் கிரேட்டா இல்லையா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் அந்த மேட்சைப் பார்க்கவில்லை. நீங்கள் போன பிறகு எதையும் முழுசாக உட்கார்ந்து பார்க்கவில்லை. இதைக் காப்பிப் பொடிக் கடையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? நல்லவேளையாகக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். துவாரகா வரும்வரை மெட்ரோவில் மடிமேல் பொட்டலம் சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் காப்பி போடவில்லை. இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். சென்னையிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி இந்த அடுக்குமாடி சொசைட்டிக்கு நான் வந்த புதிது. நான் தனியாள், பெட்டிகளைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல் வீட்டிலிருந்து ஒரு பெண் குரல், "போ, போ, வெளிய போ, போய்த் தொலை" என்று. டெல்லியில் அத்தனை சுத்தமான தமிழில் யாரோ புருஷனைத் துரத்துகிறார்கள் என்று நினைத்து மாடி ஏறி வந்தேன். கதவைத் திறந்தது துரத்தப்பட்டிருக்க வேண்டிய புருஷன். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர், கையில் பேப்பரோடு, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றார். "அவ பந்தையாக்கும் சொல்லுகா. நீங்க உள்ள வாங்க" என்றார்.

உள்ளே நீங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்த வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல், டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தீர்கள். உங்கள் ஆள் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போகாமல் உள்ளே விழுந்தால் நல்லது, எதிராளி அடித்தது வெளியே போனால் நல்லது. அதற்குத்தான் அந்தக் கூச்சல். திருச்சியில் கல்லூரி விடுதி டி.வி.யில் கொஞ்சம் டென்னிஸ் பார்த்த தெம்பில் நானும் ஓரமாக உட்கார்ந்தேன். ஆட்டம் கடைசி வரை இழுபறி. முடிந்ததும் மரியாதைக்கு, "நல்ல மேட்ச்" என்றேன்.

நீங்கள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "இதா நல்ல மேட்ச்? நெருக்கமா இருந்துது, அவ்வளவுதான். நெருக்கமான ஆட்டம் வேற, நல்ல ஆட்டம் வேற, கேட்டியா."

நான் யார், எந்த ஊர், எதற்கு வந்தேன் என்று எதுவும் கேட்கவில்லை. விளக்கு வைக்கிற வரைக்கும் நாம் வாதாடினோம். பெயரைக் கேட்டது நான் கிளம்பும்போது, வாசலில்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து கோயில் சேலையோடு நேராக என் வீட்டுக்கு வருவீர்கள். உங்களுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா, எனக்குக் காப்பி. மேட்ச் பார்த்த சூட்டில் பேசக்கூடாது, தூங்கி எழுந்துதான் பேச வேண்டும் என்பது உங்கள் சட்டம். தோற்றவரிடமிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது இன்னொன்று. "ஜெயிச்சவளப் பத்தி டி.வி.க்காரனே பேசிருவான். தோத்தவ எதை நல்லா செஞ்சான்னு சொல்ல நம்மள விட்டா ஆள் உண்டா?" என்பீர்கள். ஆகவே முதலில் தோற்றவளின் மிகச் சிறந்த அடி எது என்று தேடுவோம். அதிலேயே நமக்கு ஒத்துப்போகாது. நீங்கள் ஒரு பேக்ஹேண்டைச் சொன்னால் நான் ஒரு சர்வைச் சொல்வேன். சாயா ஆறிப்போகும்.

உங்கள் கட்சி தெளிவானது. இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த அத்தனையும் ஆட வேண்டும். தவறு குறைவாக இருக்க வேண்டும். சீக்கிரம் முடிந்தாலும் பரவாயில்லை. என் கட்சியும் தெளிவானதுதான். கை நடுங்க வேண்டும், தோல்வி கண்ணில் தெரிய வேண்டும், அங்கிருந்து மீண்டு வர வேண்டும். "டிராமா வேணும்னா சீரியலப் பாரு" என்பீர்கள். "தப்பே இருக்கக்கூடாதுன்னா பிராக்டிஸை வீடியோ எடுத்துப் போட்டுப் பாருங்க" என்பேன். சண்டை மேலே உங்கள் வீட்டில் நடந்தால், உங்கள் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போங்க" என்பார்.

நான் உங்களை வெறும் பிடிவாதக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள், ஏதோ ஒரு நீண்ட ஆட்டத்தை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "ஐ.சி.யூ.ல எத்தனை வருஷம் நின்னவளாக்கும் நான். இழுத்துட்டுக் கெடக்கதயும் பாத்திருக்கேன், சொந்தக்காரங்க வெளிய கைதட்டாத குறையா நிக்கதயும் பாத்திருக்கேன். நீளமா இருந்தா அது பெருசாயிருமா பிள்ளே?" நான் பேச்சை மாற்றினேன். அதைப் பற்றி நாம் மறுபடி பேசவே இல்லை.

என் கையில் இருந்த பெரிய ஆயுதம் அந்த இடதுகைக்காரியின் ஆட்டம். செம்மண் மைதானம். அவளுக்கு வயதாகிவிட்டிருந்தது, முழங்காலில் கட்டு. எதிரில் ஒரு உயரமான சின்னப் பெண். முதல் செட் போயிற்று. இரண்டாவதிலும் இன்னும் ஒரு பாயிண்ட் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்கிற நிலைமை. அங்கிருந்து திரும்பினாள். கடைசி செட்டில் அப்போதெல்லாம் டைபிரேக்கர் கிடையாது, யாராவது ஒருவர் விழுகிற வரைக்கும் ஆட வேண்டும். உங்கள் சோபாவில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்த உங்கள் மகள் ஜெனி, "பசிக்குது, கானா எப்ப வரும்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, பிரெட்டைத் தின்றுவிட்டுப் போய்விட்டாள். இடதுகைக்காரி ஜெயித்ததும் நான் அழுதே விட்டேன். மறுநாள் காலை சாயாவை உறிஞ்சிக்கொண்டு நீங்கள் கொடுத்த தீர்ப்பு: "டிராமாவுக்குப் பத்துக்குப் பத்து. ஆட்டத்துக்கு நாலு. அதும் நீ அழுதியேன்னு."

அன்றிலிருந்து எந்தச் சண்டையில் தோற்கப் போனாலும், "இடதுகைக்காரியை மறந்துட்டீங்களா?" என்று அவளைக் கூப்பிட்டுக்கொள்வேன். எனக்குப் பதவி உயர்வு கைநழுவிப் போனபோது, ஜெனி பரீட்சையில் கோட்டை விட்டபோது, எல்லாவற்றுக்கும் அவள்தான் வருவாள். நீங்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவீர்கள்.

நீங்கள் ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் வயிற்று வலி என்றீர்கள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்க, நீங்களே அவருக்குச் சொல்லிவிட்டதாக உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். புற்று கல்லீரல் வரை போயிருந்தது. முதல் சிகிச்சையை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டீர்கள். முடி போயிற்று, ருசி போயிற்று, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. தசரா முடிந்த பிறகு டாக்டர், கட்டி குறையவில்லை, வேறொரு மருந்து இருக்கிறது, அது கேட்டால் சில மாதம் கூடக் கிடைக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டீர்கள்.

பெங்களூரிலிருந்து ஓடிவந்த ஜெனி என்னை லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அம்மா டாக்டர்கிட்டயே நோ சொல்லிட்டாங்க. அப்பாவும் குச் நஹீ போல்தே, வாயே திறக்காம உக்காந்திருக்கார். நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. நீங்கதானே எப்பவும் அவங்ககூட லடாயி பண்ணுவீங்க. ப்ளீஸ், ஒரு தடவை." அந்தப் பிள்ளை அழவில்லை. என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் கேட்காவிட்டாலும் நான் வந்திருப்பேன், அக்கா. நீங்கள் இருக்க வேண்டும். எனக்கு வேறு எந்த நியாயமும் தேவைப்படவில்லை. தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். நான் உட்காரக்கூட இல்லை.

"மேட்ச் பாயிண்ட்லேர்ந்து திரும்பி வந்தவங்க இருக்காங்கக்கா. நாம கண்ணால பாத்திருக்கோம்."

"ஆரு, இடதுகைக்காரியா?"

"ஆமா. அவளேதான்."

நீங்கள் சிரித்தீர்கள். "நீ அந்தக் கதய எத்தனையோ தடவ சொல்லியாச்சு. ஒரு தடவயாவது அடுத்த ரவுண்டச் சொல்லியிருக்கியா?"

நான் கட்டில் ஓரத்தில் கிடந்த போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"அடுத்த ரவுண்டுல அவளுக்கு நடக்கவே முடியல்ல. ஒரு மணிக்கூர்கூட ஆகல்ல. ஏதோ ஒரு சின்னப் பிள்ள அவள இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓட விட்டு அடிச்சா. பாக்க முடியாது. நீ ஆபீஸ் உண்டும்னு போயிட்ட, நான் உக்காந்து பாத்தவளாக்கும்."

உண்மைதான். அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. மறுநாள் பேப்பரில் ஸ்கோரை மட்டும் பார்த்தேன், பார்த்ததை மறந்தும் விட்டேன். என் கதை அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் முடிந்துவிடும்.

"மிச்சம் உள்ளத நல்லா ஆடிட்டுப் போறேன். ஜெனிக்கிட்ட நானே பேசிக்கிடுகேன். நீ போய் உன் வேலயப் பாரு" என்றீர்கள். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். கீழே போய் வெகு நேரம் கோபத்தில் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை இட்லியோடு மேலே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாள்கள் நன்றாக இருந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும். வெளியே புகை மூட்டம், ஜன்னலைத் திறக்க முடியாது. உள்ளே நீங்கள் மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டீர்கள். முடி கொஞ்சம் முளைத்தது. வருஷக் கடைசி ஆட்டங்களை எல்லாம் சேர்ந்து பார்த்தோம். ஒரு மேட்ச் நேர் செட்டில், சீக்கிரமே முடிந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. நீங்கள் கண் கலங்கி, "இதப் போல ஒண்ணு பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி என்று நானே நம்பத் தொடங்கியது அப்போதுதான். ஜெனிக்குக்கூட மனசு லேசானது.

ஜனவரியில் வலி, மூச்சுத் திணறல், எல்லாம் ஒன்றாக வந்தது. பனி மூட்டத்தில் எதிர் பிளாக் தெரியாத ஒரு காலை. ஆஸ்திரேலியாவில் நடக்கிற ஆட்டங்கள் நமக்குக் காலையில்தானே வரும். ஹாலில் உங்கள் கட்டில், பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம், சத்தம் குறைத்து வைத்த டி.வி. ஜெனி உள்ளே அசந்து தூங்கினாள். உங்கள் வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நான் ஹீட்டரைக் கட்டில் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன். நீங்கள் டி.வி.யைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள்.

"பிள்ளே. அந்த மருந்து. டாக்டர் சொன்னாரே. இப்பக் கேட்டா குடுக்க மாட்டாங்களோ?"

அன்று உங்கள் கட்டிலருகே நின்று நான் வாதாடியதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து வாங்கத்தான். அது வந்தபோது காலம் கடந்திருந்தது. இனி அந்த மருந்தை உடம்பு தாங்காது என்று முந்தின வாரமே டாக்டர் ஜெனியிடம் சொல்லியிருந்தார். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கட்சியை விட்டுவிட்டு உங்கள் வார்த்தைகளையே எடுத்துச் சொன்னேன்.

"வேண்டாம்க்கா. நல்லா ஆடினீங்க. தீபாவளியிலேர்ந்து நீங்க ஆடினதெல்லாம் சுத்தமான ஆட்டம். போதும்."

இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நீ ஏன் இன்னைக்குச் சண்ட போடல்ல?" என்று கேட்டீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் பேசியதெல்லாம் தண்ணீர், வலி, ஜெனி. அந்த வாரமே போய்விட்டீர்கள். கல்லறைத் தோட்டத்தில் பனி விலகவே இல்லை. தமிழ்ப் பாட்டுப் பாடியவர்களின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் இப்போது டென்னிஸ் பார்க்கிறார், அக்கா. பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்க்கிறார். ஸ்கோர் எப்படிப் போடுகிறார்கள் என்பது இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. "வாங்க, மேட்ச் ஓடுகு. இது நல்ல ஆட்டமா, இல்ல சும்மா நெருக்கமா இருக்கா? சொல்லித் தாங்க" என்று போன் பண்ணுவார். ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன். அந்த ஹாலில் உட்கார என்னால் முடியவில்லை.

அந்த மருந்தைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை ஜெனியிடம் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாள். நான் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மனம் மாறிவிட்டீர்களோ, நாம் எல்லாரும் தவறு செய்துவிட்டோமோ என்று முதலில் பயந்தேன். மாதங்கள் போன பிறகுதான் வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்த மருந்து இனிக் கிடையாது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஐ.சி.யூ.வில் அதே கேள்வியைக் கேட்ட எத்தனை பேருக்கு நீங்களே பதில் சொல்லியிருப்பீர்கள். நான் எழுந்து நின்று, "ஏன் குடுக்கமாட்டாங்க? நான் போய்க் கேக்கறேன். ஜெனி, வண்டியை எடு" என்று கத்துவேன், நீங்கள் மூக்கைச் சுளித்து அதை அடித்துப்போடலாம் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் கட்சியைப் பேச எதிரில் ஒருத்தி நிற்க வேண்டியிருந்தது. நான் எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

இப்போது அந்தச் சண்டையை நான் தனியாகப் போடுகிறேன். பாத்திரம் தேய்க்கும்போதும் ஆபீஸில் கோப்பைப் புரட்டும்போதும் அது வருகிறது. நீங்கள் சொல்லக்கூடியது அத்தனையும் எனக்கு மனப்பாடம், அதனால் இரண்டு பக்கமும் நானே பேசுகிறேன். இடதுகைக்காரியையும் கொண்டுவருகிறேன், இந்த முறை அடுத்த ரவுண்டையும் சேர்த்தே. நடக்க முடியாத காலோடுதானே அக்கா அவள் வந்து நின்றாள், வராமல் இருந்துவிடவில்லையே என்று கேட்கிறேன்.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.